சாவியை வாங்கிக்கொண்டீர்கள், அமானிதத்தைத் திருப்பிக் கொடுங்கள்!

அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையோன் அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

சென்னையில் எனக்கு நன்கு அறிமுகமான ஒரு குடும்பம், ஆறு ஆண்டுகள் குடியிருந்த வாடகை வீட்டைச் சில மாதங்களுக்கு முன் காலி செய்தது. மாத வாடகை 12,000 ரூபாய். குடிவந்த அன்று அட்வான்ஸாகக் கொடுத்தது பத்து மாத வாடகை, அதாவது 1,20,000 ரூபாய். அந்தத் தொகையைத் திரட்டுவதற்காக வீட்டுப் பெண்மணியின் நகை விற்கப்பட்டது. ஆறு ஆண்டுகளில் ஒரு மாதம்கூட வாடகை தவறியதில்லை. காலி செய்த அன்று வீட்டைக் கழுவிப் பெருக்கி, மின்கட்டணம் செலுத்திய ரசீதையும் சாவியையும் வீட்டுக்காரரின் கையில் ஒப்படைத்துவிட்டார்கள்.

அதன் பிறகுதான் கணக்கு தொடங்கியது. பெயிண்டு அடிப்பதற்கு ஒரு மாத வாடகை பிடித்தம். சுவரில் ஆணி அடித்ததற்கும் சமையலறைச் சுவரில் எண்ணெய்க் கறை படிந்ததற்கும் 5,000 ரூபாய் பிடித்தம். எஞ்சிய 1,03,000 ரூபாயில் 40,000 மட்டும் கைக்கு வந்தது. மீதிக்கு வந்த பதில்: "அடுத்த ஆள் குடிவரட்டும், அவர் அட்வான்ஸ் கொடுத்ததும் தந்துவிடுகிறேன்." மூன்றாம் ஆண்டில் குளியலறைக் குழாய் கசிந்து கீழ்வீட்டுக் கூரையில் நீர் இறங்கியபோது, "நீங்களே செய்துகொள்ளுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தொலைபேசியில் சொன்னவர் அதே வீட்டுக்காரர்தான். அந்தப் பழுதுக்குக் குடியிருந்தவர் செலவிட்ட 7,500 ரூபாயைப் பற்றி இப்போது அவருக்கு எதுவும் நினைவில்லை.

அந்த வீட்டுக்காரர் கொடியவர் அல்லர். ஐவேளைத் தொழுகையாளி. பள்ளிவாசலின் முதல் ஸஃப்பில் நிற்பவர். ரமளானில் இஃப்தார் கொடுப்பவர். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. அவர் தாம் தவறு செய்வதாகவே எண்ணவில்லை. "எல்லோரும் செய்வதுதானே, இதுதானே ஊர் வழக்கம்" என்கிறார். ஊர் வழக்கமாகிவிட்டால் ஒருவருடைய பொருள் மற்றவருக்கு ஹலாலாகிவிடுமா? இதுவே நம் முன் உள்ள கேள்வி.

அந்தப் பணம் யாருடையது?

அட்வான்ஸ் தொகையை மார்க்க அடிப்படையில் மூன்று விதமாகப் பார்க்கலாம். ஒன்று, அது அமானிதம். வீட்டுக்காரரிடம் பாதுகாப்புக்காக ஒப்படைக்கப்பட்ட பொருள். இரண்டு, அது அடைமானம். வாடகை பாக்கியோ சேதமோ ஏற்பட்டால் ஈடு செய்துகொள்வதற்கான பிணை. மூன்று, அது கடன். வீட்டுக்காரர் அதைச் செலவழித்துக்கொண்டு, குடியிருப்பவர் வெளியேறும்போது அதே அளவைத் திருப்பித் தரவேண்டிய தொகை.

அமானிதம் என்றால், உரியவரின் அனுமதியின்றி அதில் ஒரு ரூபாயைக்கூடச் செலவழிக்கக் கூடாது. அடைமானம் என்றாலும் பிணையாகப் பெற்ற பொருளை எடுத்துச் செலவிடுவதற்கு உரிமை கிடையாது. நடைமுறையில் எந்த வீட்டுக்காரரும் அந்த நோட்டுகளைப் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. மகளின் திருமணத்திற்கோ மாடி கட்டுவதற்கோ செலவழித்துவிடுகிறார். குடியிருப்பவருக்கும் இது தெரியும். எனவேதான் இக்கால அறிஞர்கள் பலர், செலவழிக்க அனுமதியுடன் கொடுக்கப்படும் இத்தொகை கடனின் சட்டத்தையே பெறும் என்கிறார்கள். கடன் என்றால் வீட்டுக்காரரின் பொறுப்பு குறைவதில்லை, கூடுகிறது. கையிலிருந்த பணம் தொலைந்தாலும் தொழிலில் நட்டமானாலும் அது அவர் கழுத்தில் தொங்கும் கடனே.

மூன்றில் எந்த வழியில் சென்றாலும் முடிவு ஒன்றுதான்: அந்தப் பணம் வீட்டுக்காரருக்குச் சொந்தமானதன்று. நம் பேச்சு வழக்கில் இது தலைகீழாகிவிட்டது. குடியிருப்பவர் "எப்போது தருவீர்கள்?" என்று கெஞ்சுகிறார், வீட்டுக்காரர் உதவி செய்பவரைப் போல் "பார்க்கலாம்" என்கிறார். உண்மையில் இங்கே கடன்காரர் வீட்டுக்காரர். கடன் கொடுத்தவர், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கும் அந்த ஏழைக் குடியிருப்பாளர்.

இங்கே வேறோர் ஆபத்தும் உண்டு. அட்வான்ஸைப் பெருக்கிக் கொடுத்தால் வாடகையைக் குறைப்பதும், பெருந்தொகையை வாங்கிக்கொண்டு வாடகையே இல்லாமல் வீட்டை 'ஒத்திக்கு' விடுவதும் நம் ஊர்களில் பரவலாக இருக்கின்றன. கடன் கொடுத்தவருக்கு அக்கடனால் நிபந்தனையிட்ட பலன் கிடைக்குமானால் அது வட்டியின் வாசலைத் தட்டுவதாகும் என்று ஆலிம்கள் தொடர்ந்து எச்சரித்து வருகிறார்கள். வங்கி வட்டியைக் கண்டு ஒதுங்கும் குடும்பங்கள், வீட்டு வாசலில் நுழையும் இதைப் பற்றியும் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவது கடமை.

சாவியைப் பற்றி ஒரு வசனம்

அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படைக்கும்படி அல்லாஹ் கட்டளையிடும் வசனத்தை (திருக்குர்ஆன் 4:58) நாம் எத்தனையோ ஜும்ஆ உரைகளில் கேட்டிருக்கிறோம். அதன் பின்னணியாகத் தஃப்ஸீர் நூல்கள் கூறும் நிகழ்ச்சி ஒரு சாவியைப் பற்றியது. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு மக்கா வெற்றியின்போது, கஅபாவின் சாவி உஸ்மான் பின் தல்ஹா (ரலி) அவர்களிடமிருந்து பெறப்பட்டது. நபி (ஸல்) அவர்களின் நெருங்கிய உறவினரே அப்பொறுப்பைத் தமக்குக் கேட்டனர். வெற்றி பெற்ற தலைவர். எதிர்த்துக் கேட்க யாருமில்லாத நாள். ஆயினும் சாவி உரியவரிடமே திருப்பிக் கொடுக்கப்பட்டது.

அதற்கு முன், ஹிஜ்ரத்தின் இரவை எண்ணிப் பாருங்கள். கொலை செய்யத் திட்டமிட்டவர்கள் வீட்டைச் சூழ்ந்திருக்கிறார்கள். அந்த மக்காவாசிகளின் பொருள்கள்தாம் நபி (ஸல்) அவர்களிடம் அமானிதமாக இருந்தன. அவற்றை உரியவர்களிடம் சேர்ப்பதற்காகவே அலீ (ரலி) அவர்கள் மக்காவில் நிறுத்தப்பட்டார்கள். உயிருக்குக் குறிவைத்தவர்களின் பொருளுக்கே அந்தப் பாதுகாப்பு என்றால், ஆறு ஆண்டுகள் தவறாமல் வாடகை செலுத்திய சகோதரரின் பொருளுக்கு நம்மிடம் என்ன பாதுகாப்பு இருக்கிறது?

நம் வீடுகளில் சாவி அன்றே திரும்பிவிடுகிறது. சாவி தர ஒரு நாள் தாமதித்தால் அதற்கும் வாடகை கேட்கிறோம். அட்வான்ஸ் மட்டும் மாதக்கணக்கில் திரும்புவதில்லை. தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கிக்கொண்டு, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைப்பவர்களுக்குக் கேடு என்று எச்சரிக்கும் 83ஆம் அத்தியாயத்தைக் கடைக்காரர்களுக்கு மட்டும் உரியதாக நாம் ஒதுக்கிவிட்டோம். பத்து மாத வாடகையை ஒரே நாளில் எண்ணி வாங்கிவிட்டு, மூன்று தவணையாகக் குறைத்துக் கொடுப்பதும் அளவையில் மோசடி அல்லவா?

பெயிண்டு, ஆணித்துளை, கறை

வாடகை என்பது எதற்கான விலை? வீட்டைப் பயன்படுத்துவதற்கான விலை. வீட்டைப் பயன்படுத்தினால் சுவரின் நிறம் மங்கும். கதவுக் கீல் தேயும். சமையலறையில் புகை படியும். ஆறு ஆண்டுகளில் எந்தப் பெயிண்டும் புதிதாக இருக்காது. வீட்டுக்காரரே குடியிருந்திருந்தாலும் அது மங்கித்தான் இருக்கும். இயல்பான இந்தத் தேய்மானத்துக்கான விலையையும் சேர்த்துத்தான் 72 மாதங்கள் வாடகை வாங்கியிருக்கிறார். அதற்கே மீண்டும் அட்வான்ஸில் பிடித்தம் செய்வது ஒரே பொருளுக்கு இரண்டு முறை விலை வாங்குவதாகும்.

ஃபிக்ஹ் சட்டத்தில் இது தெளிவான ஒன்று. வாடகைக்கு எடுத்தவரின் கையில் இருக்கும் வீடு அமானிதம். அவர் நம்பிக்கைக்குரியவராகக் கருதப்படுகிறார். வரம்பு மீறிப் பயன்படுத்தினாலோ கவனக்குறைவாக நடந்தாலோ மட்டுமே சேதத்துக்கு அவர் பொறுப்பாவார். வழமையான பயன்பாட்டால் தேய்ந்ததற்கு அவர் ஈடு கட்ட வேண்டியதில்லை. ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் கடற்கரை ஊர்களானாலும் ஹனஃபீ மத்ஹபைப் பின்பற்றும் உள்நாட்டு ஊர்களானாலும் இந்த அடிப்படையில் வேறுபாடு இல்லை.

நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு 2017ஆம் ஆண்டில் இயற்றி, 2019 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கும் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் படித்துப் பாருங்கள். சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, சன்னல்களுக்கு வர்ணம் பூசுவதும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பில் இருக்கின்றன. கட்டட அமைப்பு சார்ந்த பழுதுகள், தேவைப்படும்போது நீர்க்குழாய்களை மாற்றுவது, மின்கம்பி இணைப்புகளைச் சரிசெய்வது ஆகியவையும் அவருடையவையே. குழாய்த் திருகு, வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள், பூட்டு, உடைந்த சன்னல் கண்ணாடி, கொசுவலை, வடிகால் அடைப்பு போன்ற சிறு பராமரிப்புகள் குடியிருப்பவரின் பொறுப்பு. எழுத்து ஒப்பந்தத்தில் வேறு விதமாக உடன்பட்டிருந்தால் அதன்படி நடக்கலாம். எதுவும் எழுதப்படாத நிலையில், "பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை" என்பது சட்டமும் அன்று, மார்க்கமும் அன்று. வழக்கம் என்ற பெயரில் நிலைத்துவிட்ட பறிப்பு.

"ஒப்பந்தத்தில் எழுதித்தானே கையெழுத்து வாங்கினேன்" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. முஸ்லிம்கள் தாம் ஏற்ற நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட வேண்டியவர்களே. தொடக்கத்திலேயே, இவ்வளவு தொகை என்று குறிப்பிட்டு, இருவரும் மனமொப்பி எழுதியிருந்தால் குடியிருப்பவர் அதை நிறைவேற்ற வேண்டும். பின்னர் முறையிடக் கூடாது. ஆனால் 'பெயிண்டு மற்றும் இதர செலவுகள்' என்று தொகையே இல்லாமல் எழுதி, அந்த 'இதர'வை வெளியேறும் நாளில் விருப்பம்போல் நிரப்பிக்கொள்வது நிபந்தனையாகாது. அளவு தெரியாத ஒன்றின் மீது செய்யும் உடன்பாட்டை நம் மார்க்கம் வியாபாரத்திலேயே தடுத்திருக்கிறது. தம் வாதத் திறமையால் சாதகமான தீர்ப்பைப் பெற்று, சகோதரனின் உரிமையை எடுத்துச் செல்பவர் நெருப்பின் துண்டையே எடுத்துச் செல்கிறார் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பது புகாரி, முஸ்லிம் நூல்களில் பதிவாகியுள்ளது. நபியவர்களின் தீர்ப்பே ஹராமை ஹலாலாக்காது என்றால், இருபது ரூபாய் முத்திரைத்தாள் ஆக்கிவிடுமா?

குடியிருப்பவர் செய்த பழுதுபார்ப்பு

இனி, குடியிருப்பவர் தம் கைப்பணத்தில் செய்த வேலைகளுக்கு வருவோம். இதில் இரு தரப்பிலும் அறியாமை மிகுதி.

உஸ்மானியப் பேரரசு ஹனஃபீ சட்டங்களைத் தொகுத்து வெளியிட்ட 'மஜல்லா' என்னும் சட்டத் தொகுப்பு, வாடகை வீட்டுப் பழுதுகளை அழகாகப் பிரித்துக் காட்டுகிறது. வீட்டின் பயனையே கெடுக்கும் பழுதுகளைச் சரிசெய்வது உரிமையாளரின் பொறுப்பு. அவர் மறுத்தால் குடியிருப்பவர் வெளியேறலாம். உரிமையாளரின் அனுமதியுடன் குடியிருப்பவர் செய்த வேலை, கூரை ஓடு மாற்றுவதைப் போலக் கட்டடத்தைக் காப்பதாக இருந்தால், தனி நிபந்தனை இல்லாவிட்டாலும் செலவைத் திரும்பப் பெறலாம். அடுப்பைச் சரிசெய்வதைப் போலத் தம் வசதிக்கு மட்டும் உரியதாக இருந்தால், முன்கூட்டியே நிபந்தனையிட்டிருந்தாலன்றிக் கேட்க முடியாது. அனுமதியே இல்லாமல் தாமாகச் செய்தால் அது நன்கொடையாகவே கருதப்படும்.

இந்த அளவுகோலை அந்தக் குளியலறைக் குழாயின் மீது வைத்துப் பாருங்கள். கசிவு கட்டடத்தைக் கெடுத்தது. உரிமையாளர் "செய்துகொள்ளுங்கள்" என்று அனுமதித்தார். எனவே அந்த 7,500 ரூபாய் குடியிருந்தவரின் ஹக்கு. அதைக் கொடுக்காமல் இருப்பவர், அட்வான்ஸோடு மற்றொரு கடனையும் சுமக்கிறார். அதே குடும்பம் தம் விருப்பத்துக்கு அலமாரியில் ஒட்டிய வண்ணத்தாளுக்கோ வரவேற்பறையில் மாட்டிய அலங்கார விளக்குக்கோ பணம் கேட்க முடியாது. ஆனால் அந்த விளக்கைக் கழற்றி எடுத்துச் செல்ல அவர்களுக்கு உரிமையுண்டு. கழற்றிய இடத்தை முன்பிருந்தபடி ஆக்க வேண்டும்.

நாட்டுச் சட்டமும் இதற்கு நெருக்கமாகவே இருக்கிறது. உரிமையாளர் செய்ய வேண்டிய பழுதை, அறிவித்த பின்னும் நியாயமான காலத்தில் அவர் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்து வாடகையில் கழித்துக்கொள்ள 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமே 108ஆம் பிரிவில் இடம் தந்திருக்கிறது. இதில் உயிர்நாடி 'அறிவித்தல்' என்பதுதான். வாய்மொழி அனுமதி ஆறு ஆண்டுகளில் மறந்துபோகும், அல்லது மறக்கப்படும். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படியும் சாட்சிகளை வைக்கும்படியும் ஏவும் வசனமே (2:282) திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம். நாமோ, "பாய்க்குப் பாய் என்ன எழுத்து?" என்று கேட்கிறோம். ஈமான் கொண்டவர்களை அழைத்துத்தான் அந்த வசனமே தொடங்குகிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

"அடுத்த ஆள் வரட்டும்"

எல்லாக் காரணங்களிலும் மிகக் கொடியது இதுதான். காரணம், இது கேட்பதற்கு நியாயமாகத் தோன்றுகிறது. இதன் பொருள் என்ன? முதலாமவரின் பணத்தைச் செலவழித்துவிட்டேன்; இரண்டாமவரின் பணத்தை வாங்கி முதலாமவருக்குக் கொடுப்பேன்; இரண்டாமவருக்கு மூன்றாமவர் வரும்போது கொடுப்பேன். வீடு பூட்டிக் கிடந்தால்? குடியிருந்தவர் காத்திருக்க வேண்டும். வாடகையை உயர்த்திச் சொல்லி யாரும் வராவிட்டால்? அதற்கும் குடியிருந்தவரே காத்திருக்க வேண்டும். தம் வணிக நட்டத்தை, வீட்டைவிட்டுப் போய்விட்ட ஒருவரின் தலையில் கட்டுவது எந்த நீதி?

மேலே சொன்ன சட்டப்படி, பாக்கிகளைக் கழித்துக்கொண்டு, வீடு காலியான ஒரு மாதத்துக்குள் வைப்புத்தொகை திருப்பித் தரப்பட வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வைப்புத்தொகை வாங்குவதையும் அச்சட்டம் தடுக்கிறது. சென்னையின் பத்து மாத வழக்கம் எவ்வளவு பெரிய சுமை என்பதை இதிலிருந்தே அறியலாம். வெளியேறும் குடும்பம் புதிய வீட்டுக்கு மீண்டும் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தாக வேண்டும். பழையது கைக்கு வராவிட்டால் புதியதற்கு எங்கே போவார்கள்? நகை அடகுக்குப் போகும். வட்டிக்குக் கடன் வாங்குவார்கள். தம் சகோதரரை வட்டியின் பக்கம் தள்ளிவிட்டு, வட்டியின் தீமை பற்றிய பயானில் தலையசைத்துக்கொண்டு அமர்ந்திருப்பது எவ்வளவு பெரிய முரண்!

கொடுக்க வசதியுள்ளவர் இழுத்தடிப்பது அநீதி என்பது நபி (ஸல்) அவர்களின் தெளிவான போதனை. மாடிக்கு டைல்ஸ் போட வசதியுண்டு, இரண்டாம் உம்ராவுக்கு வசதியுண்டு, அட்வான்ஸைத் திருப்ப மட்டும் வசதியில்லை என்றால் அது இயலாமையன்று. உண்மையிலேயே நெருக்கடியில் இருப்பவர்களும் உண்டு. ஒரே ஒரு வீட்டின் வாடகையில் வாழ்நாளைக் கழிக்கும் விதவைத் தாய்மார்களை நாம் அறிவோம். கடன்பட்டவர் சிரமத்தில் இருந்தால் அவகாசம் கொடுக்கும்படி அல்லாஹ் சொல்கிறான் (2:280). அவகாசத்தை மனமுவந்து கொடுக்க வேண்டியவர் கடன் கொடுத்தவரே. கடன்பட்டவர் தாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நிலைமையை எடுத்துச் சொல்லி, தேதி குறித்து, எழுதிக் கொடுத்து அவகாசம் கேட்பது கண்ணியம். தொலைபேசியை எடுக்காமல் இருப்பது கண்ணியமன்று.

குடியிருப்பவர்களுக்கும் சில சொற்கள்

நீதி ஒரு பக்கம் மட்டும் பேசாது. குழாய் கசிகிறது என்று தெரிந்தும் சொல்லாமல் ஆறு மாதம் விட்டு, சுவரையே ஊறவைத்துவிட்டுச் செல்பவர்கள் இருக்கிறார்கள். மூவர் என்று சொல்லிக் குடிவந்து ஒன்பது பேர் தங்குபவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் வரி, மின்கட்டண பாக்கியை மறைப்பவர்களும், உடைத்த கண்ணாடியைத் திரைச்சீலையால் மூடிவிட்டுச் செல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் வீடு அமானிதம் என்று மேலே சொன்னோமே, அந்த அமானிதத்துக்கு அவர்கள் செய்வது மோசடி. இத்தகைய சேதத்துக்கு நியாயமான தொகையைப் பிடித்துக்கொள்ள வீட்டுக்காரருக்கு முழு உரிமையுண்டு. அப்போதும் செலவின் ரசீதைக் காட்டியே பிடிக்க வேண்டும். மதிப்பைக் கற்பனையில் எழுதக் கூடாது.

"அட்வான்ஸ் திரும்ப வராது" என்ற அச்சத்தில், கடைசி மாதங்களில் வாடகையை நிறுத்திவிட்டு, "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வதும் பெருகிவிட்டது. ஒப்பந்தத்துக்கு மாறாகச் சொல்லாமல் கொள்ளாமல் இவ்வாறு செய்வது சரியன்று. முன்கூட்டியே பேசி வீட்டுக்காரரின் இசைவைப் பெற வேண்டும். ஆனால் இந்த அவநம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதை வீட்டுக்காரர்கள் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். திருப்பிக் கொடுப்பார் என்று நம்பிக்கை உள்ளவரிடம் யாரும் இவ்வாறு நடப்பதில்லை.

ஜமாஅத்தின் பொறுப்பு

நகரங்களில் முஸ்லிம் என்ற காரணத்தாலேயே வீடு மறுக்கப்படுவதை நம்மில் பலர் அனுபவித்திருக்கிறோம். அதற்காக நாம் வருந்துகிறோம், கண்டிக்கிறோம், அது சரியே. ஆனால் அப்படி மறுக்கப்பட்டு, வேறு போக்கிடமின்றி நம் முஹல்லாவுக்கு வரும் சகோதரரின் இயலாமையை வைத்து நாமே அவரைச் சுரண்டினால், நம் கண்டனத்துக்கு என்ன மதிப்பு?

பல பள்ளிவாசல்களுக்கு வாடகைக் கடைகளும் வீடுகளும் உள்ளன. அவற்றுக்கு வாங்கிய அட்வான்ஸ் தனிக் கணக்கில் இருக்கிறதா? அல்லது ஒளு செய்யும் இடத்துக்குக் கல் பதிப்பதில் கரைந்துவிட்டதா? நிர்வாகம் மாறியதும், "அது பழைய நிர்வாகம் வாங்கியது" என்று கைவிரிப்பது பள்ளிவாசலின் பெயராலேயே நடக்கும் அநீதி. அல்லாஹ்வின் இல்லத்துக்கு அடியானின் ஹக்கிலிருந்து எடுத்த ஒரு செங்கல்லும் தேவையில்லை.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். ஜனாஸா தொழுகைக்கு முன், "மய்யித்துக்குக் கொடுக்கல் வாங்கல் ஏதும் இருந்தால் வாரிசுகளைத் தொடர்பு கொள்ளவும்" என்று அறிவிக்கிறோம். கடன் இருந்த ஒருவரின் ஜனாஸாவைத் தாமே தொழவைக்க நபி (ஸல்) அவர்கள் தயங்கியதும், அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனைப் பொறுப்பேற்ற பின்னரே தொழவைத்ததும் அந்த அறிவிப்பின் வேர். அந்த அறிவிப்பைக் கேட்கும் வாரிசுகள், அத்தா குடியிருப்பவர்களிடம் வாங்கிய அட்வான்ஸைக் கடன் பட்டியலில் சேர்க்கிறார்களா? சொத்தைப் பங்கிடும்போது, "அத்தா வாங்கியது எங்களுக்குத் தெரியாது" என்கிறார்கள். கடனை அடைத்த பிறகே வாரிசுப் பங்கு என்பது திருக்குர்ஆன் வகுத்த வரிசை (4:11, 12). வீட்டைப் பங்கிட்டு, வீட்டின் மீதுள்ள கடனைக் கைவிடுபவர்கள், தம் தந்தையைக் கப்ரில் கடனோடு விட்டுவிடுகிறார்கள்.

இன்றே செய்ய வேண்டியவை

வீட்டுக்காரர்களே! குடிவரும் நாளில் இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, ஏற்கெனவே உள்ள விரிசல்களையும் கறைகளையும் படம் எடுத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். பிடித்தம் உண்டென்றால் எதற்கு, எவ்வளவு என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதுங்கள். அட்வான்ஸைத் தனியே வையுங்கள்; முடியாவிட்டால் குறைவாக வாங்குங்கள். செலவழித்திருந்தால், குடியிருப்பவர் முன்னறிவிப்பு கொடுத்த நாளிலிருந்தே தொகையைத் திரட்டத் தொடங்குங்கள். உங்கள் வஸிய்யத்தில் இக்கடனை எழுதி வையுங்கள்.

குடியிருப்பவர்களே! அட்வான்ஸுக்கு ரசீது வாங்குங்கள். இயன்றவரை வங்கி வழியாகச் செலுத்துங்கள். பழுது தெரிந்தவுடன் எழுத்தில் தெரிவியுங்கள். வாட்ஸ்அப் செய்தி ஒன்று போதும். அனுமதி வந்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். செலவு ரசீதை அன்றே அனுப்புங்கள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். வெளியேறும் நாளில் மீண்டும் படமெடுத்து, சாவி ஒப்படைத்ததற்கும் எழுத்து பெறுங்கள். நியாயம் மறுக்கப்பட்டால் முதலில் ஜமாஅத்தை நாடுங்கள். அங்கும் கிடைக்காவிட்டால் சட்டம் ஏற்படுத்தியிருக்கும் வாடகை அதிகாரியை நாடுவதில் எந்த இழுக்கும் இல்லை.

ஜமாஅத் நிர்வாகிகளே! திருமணப் பதிவேடு இருப்பதைப் போல், முஹல்லாவின் வாடகை ஒப்பந்தங்களுக்குச் சாட்சியாக நிற்க ஓர் ஏற்பாட்டைச் செய்யுங்கள். பள்ளிவாசலுக்குச் சொந்தமான வீடுகளிலிருந்து தொடங்குங்கள்.

தொழுகை, நோன்பு, ஜகாத் ஆகிய நன்மைகளுடன் மறுமைக்கு வந்தும், பிறர் பொருளை உண்டதால் அந்த நன்மைகளெல்லாம் உரியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டு, வெறுங்கையோடு நிற்பவரே உண்மையான ஓட்டாண்டி என்ற கருத்திலமைந்த நபிமொழியை நாம் அறிவோம். அந்த நாளில் 63,000 ரூபாயை ரூபாயாகக் கொடுத்துத் தீர்க்க வழியிருக்காது. இன்று வழியிருக்கிறது. அந்தச் சகோதரரின் எண் உங்கள் தொலைபேசியில் இருக்கிறது. இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் முதல் அழைப்பு நீங்கள் செய்ததாக இருக்கட்டும்.

பிறர் ஹக்கை உண்ணும் பாவத்திலிருந்து வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் காத்து, அமானிதம் பேணும் மக்களாக நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.